அணுகுண்டு அங்கே, வாய்ப்பூட்டு இங்கே!



2025ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் நாள் நாடெங்கும் போர்க்கால ஒத்திகை நடந்தது. அன்று விடியுமுன்னரே பாகிஸ்தானிலுள்ள இலக்குகளின் மீது நம் படைகள் ஏவுகணை வீசியிருந்தன. கேரளத்தின் 14 மாவட்டங்களிலும் அபாயச் சங்கு ஒலிக்கும், மக்கள் பாதுகாப்பான இடத்துக்குப் போய் ஒத்திகை பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அறிவித்தார்கள். எருத்தேன்பதியில் ஒரு டீக்கடை வாசலில் நம் சங்கத்தார் சிலர் செய்தித்தாளை உரக்கப் படித்துக்கொண்டிருந்தபோது, தோப்பு வேலை முடித்து வந்த ஒரு மூதாட்டி நின்று கேட்டார்.

"ஏனுங்க தம்பி, சங்கு ஊதுனா நாங்க எங்க போயி ஒளியறதுங்க? ஓட்டு வீட்டுக்குள்ளயா, தென்னைமரத்துக்கு அடியிலயா?"

நாம் விடை தேடுமுன் அடுத்த கேள்வி வந்தது.

"குண்டு நம்ம மேல போடறாங்களா, நமக்கு வேண்டியவங்க மேல போடறாங்களா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. டில்லியில் கூடும் நிபுணர்கள் கேட்காத கேள்வியை அந்தத் தாய் கேட்டுவிட்டார். "நமக்கு வேண்டியவர்கள்" என்று அவர் சொன்னதைத்தான் அரசியல்வாதிகள் "நட்பு நாடு" என்கிறார்கள். நட்பு நாட்டின் தலையில் அணுகுண்டு விழுந்தால் இங்கே, நம் நாட்டுக்குள், என்ன நடக்கும்? எத்தனை கப்பல், எத்தனை விமானம் என்ற கணக்கைப் பெரிய பத்திரிகைகள் போடட்டும். கூலிக்காரர்களாகிய நமக்கு வேறு கணக்கு இருக்கிறது. நம் கட்சிகள் என்ன செய்யும்? சர்க்கார் என்ன செய்யும்? நம் கூலி என்ன ஆகும்? மலையாள நாட்டில் தமிழ் பேசும் நம் பிள்ளைகளின் கதி என்ன ஆகும்?

இதற்கு ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. சரித்திரத்தைப் பார்த்தால் போதும். முதல் நாள், "செத்தவன் யாருடைய நண்பன்?" என்று கட்சிகள் சண்டையிடும். மறுநாள் அவசரச் சட்டம் வரும். அதற்கடுத்த நாள் அந்தச் சட்டம் எதிரியின் கதவைத் தட்டாது, உழைப்பவனின் கதவைத் தட்டும். இதுதான் இதுவரை நடந்தது. இனியும் நடக்காமலிருக்க வேண்டுமானால் நாம் இப்போதே விழித்துக்கொள்ள வேண்டும்.

ஒரு முறை விழுந்திருக்கிறது

நடக்காத ஒன்றைப் பற்றி ஏன் கவலை என்று சிலர் கேட்கலாம். நடந்திருக்கிறது, அன்பர்களே! உலகில் அணுகுண்டு விழுந்த ஒரே நாடு ஜப்பான். அந்த ஜப்பான் நம் தமிழ்க் கூலிகள் பல்லாயிரம் பேருக்கு நட்பு நாடாக இருந்த காலம் ஒன்று உண்டு.

1943 அக்டோபர் 21 அன்று சிங்கப்பூரில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அமைத்தார். ஜப்பான் அதை அங்கீகரித்தது. அந்த அரசு பிரிட்டன் மீதும் அமெரிக்கா மீதும் போர் அறிவித்தது. இந்திய தேசிய ராணுவத்தில் சேர மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் திரண்டு வந்தார்கள். பால் வெட்டிய பெண்கள் துப்பாக்கி தூக்கி ஜான்சி ராணிப் படையில் நின்றார்கள். அந்தப் படைக்குத் தலைமை தாங்கிய கேப்டன் லட்சுமியின் தாயார் அம்மு சுவாமிநாதன் நம் பாலக்காடு மாவட்டத்து ஆனக்கரையில் பிறந்தவர் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

ஆனால் அதே நட்பு நாடு, அதே காலத்தில், அதே தோட்டங்களிலிருந்து தமிழர்களை லாரியிலும் ரயிலிலும் ஏற்றிச் சென்று சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட வைத்தது. காலராவும் பட்டினியும் அடியும் சேர்ந்து ஆசியக் கூலிகளில் ஏறத்தாழ 90,000 பேரைக் கொன்றதாக மதிப்பிடுகிறார்கள். அவர்களில் மலேயாத் தமிழர் மிகப் பலர். ஒரே லயத்தில் அண்ணன் நட்பு நாட்டின் பக்கத்தில் துப்பாக்கி பிடித்தான், தம்பி அதே நட்பு நாட்டின் சவுக்கடியில் தண்டவாளக் கட்டை சுமந்து செத்தான். "நட்பு நாடு" என்ற சொல்லின் இரண்டு பக்கங்களையும் நம் இனத்துக் கூலிக்காரனைப்போல் கண்டவர் யாரும் இல்லை.

1945 ஆகஸ்டு 6இல் ஹிரோஷிமாவிலும் 9இல் நாகசாகியிலும் குண்டு விழுந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் இரு நகரங்களிலும் மாண்டவர்கள் இரண்டு லட்சம் பேருக்கு மேல். அவர்கள் நம் கூலிகளைக் கொன்ற அதிகாரிகள் அல்லர். பள்ளிக்கூடப் பிள்ளைகள், தாய்மார்கள், ஆலைத் தொழிலாளர்கள். சவுக்கு வேறு கையில் இருந்தது, குண்டு வேறு தலையில் விழுந்தது.

அப்போது இந்தியாவுக்குள் என்ன நடந்தது? டில்லியில் இருந்தது வெள்ளைக்காரன் சர்க்கார். அதற்கு அது வெற்றி விழா. வெள்ளையன் பட்டாளத்தில் இருந்த 25 லட்சம் இந்தியச் சிப்பாய்களுக்கு உயிர் பிழைத்த நிம்மதி. போரை "மக்கள் யுத்தம்" என்று ஆதரித்த கம்யூனிஸ்டுக் கட்சி நேதாஜியை ஜப்பானின் கையாள் என்று தூற்றிக்கொண்டிருந்தது. அந்த மதிப்பீடு தவறு என்று பின்னாளில் அதுவே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. காங்கிரஸ் தலைவர்கள் சிறையிலிருந்து வெளிவந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. சில மாதங்களில் செங்கோட்டையில் தேசிய ராணுவ அதிகாரிகள் மீது வழக்கு நடந்தபோது ஊரே திரண்டது. நேருவே வழக்கறிஞர் அங்கியை மீண்டும் அணிந்தார். நல்லது, வரவேற்கிறோம். சயாம் பாதையில் செத்த கூலிக்காக எந்தக் கோட்டையில் வழக்கு நடந்தது? எந்த அங்கி அணியப்பட்டது? ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு நண்பன் இருந்தான். கூலிக்கு மட்டும் நண்பன் இல்லை.

சீனன் வந்தான், தட்டான் பட்டினி கிடந்தான்

சுதந்திரம் வந்தபின் நிலைமை மாறியதா? 1962 அக்டோபர் 20இல் சீனப் படை எல்லை தாண்டியது. 26ஆம் தேதி அவசரநிலை பிறந்தது. போர் ஒரு மாதத்தில் நின்றது. அவசரநிலை எப்போது நின்றது தெரியுமா? 1968 ஜனவரியில்! ஒரு மாதச் சண்டைக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் வாய்ப்பூட்டு!

அந்த ஐந்தாண்டுக் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். 1962 நவம்பர் 3 அன்று முதலாளிகளையும் தொழிற்சங்கத் தலைவர்களையும் டில்லியில் கூட்டி "தொழில் அமைதித் தீர்மானம்" போட்டார்கள். வேலைநிறுத்தம் கூடாது, உற்பத்தி பெருக வேண்டும் என்றார்கள். விலைவாசியும் ஏறாமல் பார்த்துக்கொள்வோம் என்றார்கள். தொழிலாளி தன் வாக்கைக் காப்பாற்றினான். விலைவாசி காப்பாற்றவில்லை. 1964 முதல் 66 வரை அரிசிக்காகக் கேரளம் பட்ட பாட்டை நம் வீட்டுப் பாட்டிமார்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாடு வந்தது. 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்றார்கள். சீனனோடு எந்த வழக்கும் இல்லாத தட்டார்களின் உலை அணைந்தது. பட்டினி தாளாமல் உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. தலைமுறை தலைமுறையாக இங்கேயே பிறந்து, செருப்புத் தைத்தும் சலவை செய்தும் பிழைத்த சீன வம்சத்தார் ஏறத்தாழ 3,000 பேரை ராஜஸ்தானத்து தேவ்லி முகாமில் அடைத்தார்கள். முகத்தின் சாயலே அவர்கள் செய்த குற்றம்.

1964 அக்டோபர் 16இல் சீனா அணுகுண்டு வெடித்தது. டில்லிப் பார்லிமெண்டில் ஒரு சாரார் நமக்கும் குண்டு வேண்டும் என்று முழங்கினார்கள். பிரதமர் சாஸ்திரி பிரிட்டனிடம் அணுக்குடை கேட்டுப் பார்த்தார். அதாவது, நம்மைக் காக்க ஒரு நட்பு நாடு தன் குண்டைப் போட வேண்டுமென்று கேட்டுப் பார்த்தார். குடை கிடைக்கவில்லை. உள்நாட்டில் என்ன கிடைத்தது? அந்த ஆண்டு முடிவதற்குள் மார்க்சிஸ்டுக் கட்சியினர் கொத்துக் கொத்தாக இந்தியப் பாதுகாப்பு விதிகளின்படி கைதானார்கள். 1965 மார்ச்சில் கேரளத்தில் தேர்தல் நடந்தது. 133 இடங்களில் 40 இடங்களை வென்று அந்தக் கட்சியே முதலில் வந்தது. வென்றவர்களில் பலர் சிறைக்குள் இருந்தார்கள். அந்தச் சட்டசபை ஒரு நாள்கூடக் கூடாமலே கலைக்கப்பட்டது.

அதே விதிகள் வாளையாற்றைத் தாண்டி அந்தப் பக்கமும் போயின. 1965இல் தமிழ்நாட்டில் இந்தித் திணிப்பை எதிர்த்து மாணவர்கள் எழுந்தபோது கலைஞர் கருணாநிதியைப் பிடித்துப் பாளையங்கோட்டைச் சிறையில் போட்டது இந்தப் பாதுகாப்பு விதிகள்தாம். சீனனைப் பிடிக்கச் செய்த வலையில் தமிழ் பேசியவன் சிக்கினான். இத்தனைக்கும் சீனப் படையெடுப்பைக் கண்டு தி.மு.க. தன் திராவிட நாடு கோரிக்கையையே கைவிட்டிருந்தது. தேசபக்திக்கு அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? சாட்சி கொடுத்தவனுக்கும் சிறைதான் பரிசு!

ஒப்பந்தமும் ஓட்டமும்

1971 ஆகஸ்டு 9இல் டில்லியில் இந்திய சோவியத் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆகஸ்டு 9 விசித்திரமான நாள். 1942இல் அதே நாளில்தான் வெள்ளையன் காங்கிரஸ் தலைவர்களைச் சிறையிலிட்டான். 1945இல் அதே நாளில்தான் நாகசாகி எரிந்தது. ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பிரிவு, இரு நாடுகளில் ஒன்று தாக்கப்பட்டாலோ தாக்கும் அபாயம் வந்தாலோ இரண்டும் உடனே கலந்து பேசும் என்றது. சோவியத் மீது குண்டு விழுந்தால் நமக்கும் கவலை, நம்மீது விழுந்தால் அவர்களுக்கும் கவலை. அந்த டிசம்பரிலேயே அமெரிக்காவின் எண்டர்பிரைஸ் கப்பல் வங்கக் கடலுக்குள் வந்தது. நாடே கொதித்தது. கொதித்தது நியாயம்தான்.

ஆனால் டிசம்பர் 3இல் பிறந்த அவசரநிலை டாக்கா விடுதலையான பிறகும் போகவில்லை. 1977 மார்ச் வரை இருந்தது. அதோடு மிசா சட்டமும் இருந்தது. இவை யார்மீது பாய்ந்தன? 1974 மே 8இல் ஏறத்தாழ 17 லட்சம் ரயில்வேத் தொழிலாளர்கள் எட்டு மணி நேர வேலையும் போனசும் கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பாதுகாப்பு விதிகளும் மிசாவும் அவர்கள்மீது பாய்ந்தன. தலைவர் ஜார்ஜ் பெர்னாண்டஸ் வேலைநிறுத்தம் தொடங்குமுன்பே கைதானார். ஆயிரமாயிரம் பேர் சிறைக்குப் போனார்கள். குடியிருப்புகளிலிருந்து பெண்டு பிள்ளைகளைச் சாமான்களோடு தெருவில் தள்ளினார்கள். வேலைநிறுத்தத்தின் பதினோராம் நாள், மே 18, பொக்ரானில் இந்தியாவின் முதல் அணு வெடிப்பு நடந்தது. மறுநாள் செய்தித்தாள்களின் தலைப்பைப் பிடித்தது குண்டு. தெருவில் கிடந்த ரயில்வேக் குடும்பம் மூலைக்குப் போனது. மே 27இல் வேலைநிறுத்தம் முறிந்தது.

அதற்கடுத்த ஆண்டு உள்நாட்டு அவசரநிலை. சோவியத்துக்கு நண்பன் நமக்கும் நண்பன் என்ற கணக்கில் இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சி அதை ஆதரித்தது. கேரளத்தில் அக்கட்சியின் அச்சுத மேனனே முதலமைச்சர். அந்த ஆட்சியில்தான் கோழிக்கோட்டுப் பொறியியல் கல்லூரி மாணவன் ராஜன் கக்கயம் முகாமில் காணாமற்போனான். தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31இல் கழக ஆட்சி கலைந்தது, தோழர்கள் மிசாவில் சிறை புகுந்தார்கள். பாகிஸ்தானுக்குச் செய்த விலங்கு பெற்ற பிள்ளைகளின் கைக்கே அளவாக இருந்தது!

இன்னொரு வேடிக்கையையும் கேளுங்கள். 1974இல் விலங்கு பூட்டப்பட்ட அதே பெர்னாண்டஸ், அணுகுண்டை எதிர்த்துப் பேசி வந்த அதே பெர்னாண்டஸ், 1998 மே 11இலும் 13இலும் பொக்ரானில் மீண்டும் குண்டு வெடித்தபோது பாதுகாப்பு அமைச்சர் நாற்காலியில் அமர்ந்திருந்தார். தெருக்களில் இனிப்பு வழங்கினார்கள். 28ஆம் தேதி பாகிஸ்தான் வெடித்தது. அங்கேயும் இனிப்பு வழங்கினார்கள். மறு ஆண்டு கார்கிலில் 500க்கு மேற்பட்ட நம் வீட்டுப் பிள்ளைகள் உயிரைக் கொடுத்தார்கள். குண்டு இருந்தால் சண்டை வராது என்றார்களே, என்ன ஆயிற்று?

அணை உடையவில்லை, மனிதர்கள் உடைந்தார்கள்

"இதெல்லாம் டில்லிக் கதை. எல்லை ஓரத்துக் கூலிக்கு இதில் என்ன?" என்று கேட்கிறவர்கள் இடுக்கி மலைத் தோட்டத்தாரைக் கேட்கட்டும்.

2011இல் இடுக்கியில் சில முறை நில அதிர்வு வந்தது. முல்லைப் பெரியாறு அணை உடைந்துவிடும் என்ற பீதி பரவியது. அணை உடையவில்லை.  ஆனால் அந்த டிசம்பரில் குமுளியிலும் உடும்பன்சோலைப் பக்கத்திலும் ஏலத் தோட்டத்துக்குப் போன தமிழ்ப் பெண்களை மறித்தார்கள். தலைமுறையாக அங்கே வாழ்ந்த குடும்பங்கள் கைக்குழந்தையோடு மலைப் பாதையில் இறங்கித் தேனி மாவட்டத்துக்கு ஓடின. இந்தப் பக்கம் நடந்ததை மட்டும் சொல்வது நியாயமல்ல. அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் மலையாளிகளின் கடைகள் உடைக்கப்பட்டன, டீக்கடை வைத்துப் பிழைத்த ஏழைச் சேட்டன்கள் அடி வாங்கினார்கள். அணையைக் கட்டியவன் வெள்ளைக்காரன். வழக்காடியவை இரண்டு சர்க்கார்கள். அடிபட்டவர்கள் டீ ஆற்றியவனும் ஏலக்காய் பறித்தவளும்.

நடக்காத ஒரு விபத்தின் பயமே இவ்வளவு செய்தது. உண்மையிலேயே ஒரு நட்பு நாட்டின்மேல் அணுகுண்டு விழுந்தால், அந்தப் பயம் எந்த வேகத்தில் எங்கே பாயும் என்று நினைத்துப் பாருங்கள்.

அதற்கும் அடையாளம் கண்டுவிட்டோம். 2025 மே மாதச் சண்டை நாலு நாளில் நின்றது. அதற்குப் பின் வட நாட்டு நகரங்களில் வங்காளம் பேசும் கூலிகளைப் "பங்களாதேசி" என்று பிடித்தார்கள். இந்தியக் குடிகள் சிலரையே எல்லைக்கு அப்பால் தள்ளி, பிறகு திரும்ப அழைத்துக்கொண்டார்கள். அவர்கள் மேற்கு வங்காளத்துக்காரர்கள் என்று சொல்லியும் கேட்பார் இல்லை. நமக்குத் தூரம் என்று நினைத்தோம். அந்த டிசம்பரில் நம் வாளையாற்றுப் பக்கத்து அட்டப்பள்ளத்தில், சத்தீஸ்கரிலிருந்து பிழைக்க வந்த ஒரு தொழிலாளியை ஒரு கும்பல் அடித்துக் கொன்றது. திருடன் என்றார்கள். "நீ பங்களாதேசியா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள். அவனும் நம்மைப் போல் மலையாளம் சரியாகப் பேச வராதவன். அந்த இடத்துக்கும் நம் எருத்தேன்பதிக்கும் எத்தனை தூரம்? போர் எங்கோ நடக்கும். அதன் பெயரால் அடி நம் செக்போஸ்டுக்குப் பக்கத்தில் விழும்.

நாளை என்ன சொல்வார்கள்?

2025 ஜூனில் இஸ்ரேல் ஈரானைத் தாக்கியது. ஈரானின் அணு நிலையங்கள் மீது அமெரிக்கா குண்டு போட்டது. இந்தியாவுக்கு இஸ்ரேல் ஆயுதம் விற்கும் நண்பன். ஈரான் சபகார் துறைமுகத்து நண்பன். அமெரிக்காவும் நண்பன். நண்பனை நண்பன் அடித்தபோது டில்லி என்ன செய்தது? ஷாங்காய் ஒத்துழைப்பு அமைப்பு இஸ்ரேலைக் கண்டித்து அறிக்கை விட்டது. அந்த விவாதத்தில் தனக்குப் பங்கில்லை என்று டில்லி ஒதுங்கிக்கொண்டது. ஒரு கட்சிக்கு இஸ்ரேல் வேண்டியவன், இன்னொன்றுக்கு ஈரான் வேண்டியவன். கத்தாரில் இருந்த அமெரிக்கத் தளத்தின்மேல் ஏவுகணை பறந்த இரவில், கட்டட வேலைக்குப் போன மகனுக்குப் போன் கிடைக்காமல் விடிய விடிய உட்கார்ந்திருந்த தாய்க்கு வேண்டியவன் யார் என்று எந்தக் கட்சி கேட்டது?

ஆகவே நாளை ஒரு நட்பு நாட்டின்மேல் அணுகுண்டு விழுந்தால் நடக்கப்போவதை இப்போதே எழுதி வைக்கிறோம். ஆளும் கட்சி, "குண்டு போட்டவன் யார்?" என்று முதலில் பார்க்கும். அவனும் நண்பனாக இருந்தால் "கவலை தெரிவிக்கிறோம்" என்னும். பகைவனாக இருந்தால் ரத்தம் கொதிக்கும். எதிர்க்கட்சிகள் அதையே தலைகீழாகச் செய்யும். கேரளத்தில் அன்றே ஒரு கடையடைப்பு நடக்கும், தினக்கூலிக்கு அன்றைய கூலி போகும். தமிழ்நாட்டில் கவிதையும் சுவரொட்டியும் வரும். பெட்ரோல் விலை ஏறும், அரிசி விலை ஏறும். பிறகு ஒற்றுமை, கட்டுப்பாடு, தியாகம் என்ற மூன்று சொற்கள் வரும். போனஸ் கேட்டால் தேசத் துரோகி. லயத்துக் கூரை ஒழுகுகிறது என்றால் எதிரியின் கையாள். கூடங்குளத்தில் அணு உலை வேண்டாம் என்று கடற்கரையில் உட்கார்ந்த மீனவப் பெண்கள் உட்பட ஆயிரக்கணக்கானோர்மீது தேசத் துரோக வழக்குப் போட்ட நாடு இது. அதுவும் ஒரு நட்பு நாட்டின் உதவியோடு கட்டிய உலைதான்.

"தேசம் ஆபத்தில் இருக்கும்போது கூலியும் உரிமையும் பேசலாமா?" என்று நம்மைக் கேட்பார்கள். கேட்கட்டும். திருப்பி நாம் கேட்போம். போர் நாளில் முதலாளி லாபத்தை நிறுத்தி வைத்த சரித்திரம் உண்டா? 1962இல் தொழிலாளி வேலைநிறுத்த உரிமையை விட்டுக்கொடுத்தானே, பதுக்கல்காரன் எதை விட்டுக்கொடுத்தான்? தேசம் என்பது பார்லிமெண்டுக் கட்டடமா? தோப்பில் தேங்காய் போடுகிறவனும் மலையில் கொழுந்து கிள்ளுகிறவளும் சேர்ந்ததுதானே தேசம்? இவர்கள் வாயைப் பூட்டிவிட்டு எந்தத் தேசத்தைக் காப்பாற்றப் போகிறார்கள்?

நாம் யாருக்கும் பகைவரல்லர். படையில் நிற்கும் பிள்ளைகள் நம் வீட்டுப் பிள்ளைகள். பகல்காமில் மதம் கேட்டு 26 பேரைச் சுட்டவர்களுக்கு நாம் ஒரு சொட்டு இரக்கமும் காட்டவில்லை. ஆனால் எவன் போட்டாலும், எவன்மேல் போட்டாலும், அணுகுண்டு மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் என்று சொல்ல நமக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். 2025இல் உலகில் இருந்த அணு ஆயுதங்கள் ஏறத்தாழ 12,200. இந்தியாவும் பாகிஸ்தானும் அணுப்போரில் இறங்கினால் 5 கோடி முதல் 12.5 கோடிப் பேர் உடனடியாக மடியக்கூடும், எழும் புகை சூரியனை மறைத்து உலகெங்கும் விளைச்சல் குறையும் என்று 2019இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். குண்டு விழும் இடம் தொலைவு என்று ஆறுதல் கொள்ள முடியாது. மழை பொய்த்தால் ஆளியாற்றில் தண்ணீர் வராது. ஆளியாற்றில் தண்ணீர் வராவிட்டால் எருத்தேன்பதியில் அடுப்பு எரியாது.

நம் கோரிக்கைகள்

ஆகவே அமைதி நிலவும் நாளிலேயே, தேர்தல் வரும்போதெல்லாம் ஓட்டுக் கேட்டு நம் லயத்துக்கும் தெருவுக்கும் வரும் எல்லாக் கட்சிகளிடமும் இவற்றைக் கேட்போம்.

ஒன்று: அணுகுண்டைப் போட்டவன் நண்பனா பகைவனா என்று பாராமல் கண்டிப்போம் என்று வாக்குக் கொடுங்கள். 2017இல் 122 நாடுகள் ஏற்ற அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தில் இந்தியா ஏன் சேரவில்லை என்று பார்லிமெண்டில் கேளுங்கள்.

இரண்டு: எந்த நெருக்கடி வந்தாலும் வேலைநிறுத்தத் தடையும், கூலி வெட்டும், விசாரணையில்லாச் சிறையும் ஆதரிக்க மாட்டோம் என்று சொல்லுங்கள்.

மூன்று: 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் தம் மொழியிலேயே சர்க்காருக்கு எழுதவும் பதில் பெறவும் உரிமை தந்தது. போர்க்கால ஒத்திகை நாளில் நம் கண்ணில் பட்ட அறிவிப்பு எதுவும் தமிழில் இல்லை. சங்கு ஊதினால் எங்கே ஓடுவது என்பதையாவது புரியும் மொழியில் சொல்லுங்கள்!

நான்கு: இது கட்சிகளுக்கல்ல, நமக்கு. நாளை ஒரு பீதி கிளம்பினால் பக்கத்து லயத்து வங்காளியையும், ஒடியாக்காரனையும், சத்தீஸ்கர்க்காரனையும் நாம் காப்போம். 2011இல் நமக்குக் கதவைத் திறந்து ஒளித்து வைத்த மலையாளிக் குடும்பங்கள் இருந்தன என்பதை மறக்க மாட்டோம். இன்று அவனை "எந்த ஊர்?" என்று அதட்டுகிற குரல் நாளை நம்மையும் அதட்டும்.

அந்த மூதாட்டிக்கு அன்று நாம் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறோம். தாயே, அந்தக் குண்டுக்கு ஒளிய இடம் கிடையாது. ஓட்டு வீடும் காக்காது, மாளிகையும் காக்காது. ஆனால் குண்டின் பெயரைச் சொல்லி வரும் பூட்டைத் தடுக்க இடமுண்டு. அது நாம் கூடும் சங்கத்துத் திண்ணை. வரும் கூட்டத்துக்குத் தவறாமல் வாருங்கள். மருமகளையும் அழைத்து வாருங்கள்.

குண்டு யார்மேல் விழுந்தாலும் கண்டிப்போம்!
பூட்டு யார் போட்டாலும் உடைப்போம்!
உழைப்பவர் ஒற்றுமை ஓங்குக!